ஸ்லைடர் உறைந்து நின்றால்

வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையின் இணையத்தளம். தீபாவளிக்கு முதல் வாரம், முகப்பில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்த சேலைப் படங்கள், அதாவது ஸ்லைடர், உறைந்துவிட்டன. "தம்பி, நேற்று வரைக்கும் ஓடினதுதானே?" என்றார் முதலாளி. ஓடினதுதான். இடையில் யாரோ அரட்டைப் பெட்டி ஒன்றை ஒட்டியிருந்தார்கள்.

உலாவியில் பிழைகளைக் காட்டும் கொன்சோலைத் திறவுங்கள். சிவப்பு வரிகள் பத்து இருந்தாலும் முதலாவதைத்தான் நம்புங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் பிள்ளைகள். எனக்கு வந்தது, ஸ்லைடர் 'ஒரு ஃபங்ஷன் அல்ல' என்ற வரி. ஸ்லைடரின் கோப்போ ஒழுங்காக இறங்கியிருந்தது. பக்கத்தின் மூல நிரலில் ஜேக்வெரியை, அதாவது ஸ்லைடர் நம்பியிருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைத் தேடினேன்: இரண்டு தரம்! இரண்டாவது அரட்டைப் பெட்டியோடு வந்தது. முதலாவதில் ஸ்லைடர் தன்னைப் பதிந்திருக்கிறது. பின்னால் வந்தது ஜேக்வெரி என்ற பெயரையும் அதன் சுருக்கப் பெயரான டொலர் குறியையும் பறித்துக்கொண்டது. அதற்கு ஸ்லைடர் யாரென்றே தெரியாது.

இரண்டாவது வரியை அகற்றினேன், சேலைகள் ஓடின. இரண்டு பதிப்பும் கட்டாயம் தேவையென்றால், இரண்டாவது ஏறியவுடன், பறித்த பெயர்களைத் திருப்பிக் கொடுக்கும் அதன் நோகொன்ஃப்ளிக்ட் ஃபங்ஷனை 'ட்ரூ' கொடுத்து அழைத்து, அது தருவதை வேறு பெயரில் வையுங்கள். பழைய பெயர்கள் முதலாவதற்கே திரும்பும்.

இரட்டிப்பு இல்லையா? ஸ்கிரிப்ட்களில் பாதியை முடக்கிப் பாருங்கள், பிறகு குற்றவாளி இருக்கிற பாதியில் பாதி. குற்றவாளி ஒன்றுதான் என்றால் 16 ஸ்கிரிப்ட்டும் நாலு தரத்தில் முடியும். ஒன்றையொன்று நம்பியிருப்பவற்றை மட்டும் பிரிக்காதீர்கள்.

சிலவேளை ஓடும், சிலவேளை ஓடாது என்றால் எனக்கு ஸ்கிரிப்ட் வரியில் போடும் அசிங்க் என்ற சொல்லின் மேல்தான் சந்தேகம். முதலில் இறங்கியது முதலில் ஓடிவிடும். அதற்குப் பதிலாக டிஃபர் போட்டால் நீங்கள் எழுதிய வரிசையிலேயே ஓடும்.

முதலாளியின் ஃபோனில் மட்டும் படங்கள் அசையவில்லை. ஃபோன் சேமித்து வைத்திருந்த பழைய பிரதி, அதாவது கேஷ்.