ரஜினியின் தொடக்ககாலப் படங்களைப் பெங்களூருத் தமிழர் பார்க்க ஒரு வரிசை

ரஜினிகாந்தை அண்மைக்காலப் படங்களில் மட்டுமே கண்ட பிள்ளைகளுக்கு அவருடைய திரைவாழ்வை அறிமுகம் செய்ய நினைக்கும் பெற்றோர், பெரும்பாலும் 1995-இல் வந்த ‘பாட்ஷா’விலிருந்தே தொடங்குகிறார்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவர் இந்நகரில் பேருந்து நடத்துநராக இருந்த கதையையும் நம் வீடுகளில் மீண்டும் சொல்லத் தேவையில்லை.

முதலில் 1975-இல் வெளிவந்த ‘அபூர்வ ராகங்கள்’ படத்தைப் பாருங்கள். சில காட்சிகளே வந்தாலும், கே. பாலசந்தர் அவருக்கு அளித்த நுழைவு அதில் இருக்கிறது. அடுத்து, புட்டண்ண கனகல் இயக்கிய ‘கதா சங்கம’ என்ற 1976-ஆம் ஆண்டுக் கன்னடப் படத்துக்குச் செல்லுங்கள். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வளர்ந்து பள்ளியில் கன்னடம் படிக்கும் பிள்ளைகளுக்கு, சென்னைப் பிள்ளைகளுக்கு இல்லாத வசதி இங்கே உண்டு. அதே ஆண்டின் ‘மூன்று முடிச்சு’ படத்தில், கமல்ஹாசன் ஏற்ற பாத்திரம் நீரில் மூழ்கும்போது காப்பாற்றாமல் படகில் அமர்ந்திருக்கும் ரஜினியைக் கவனியுங்கள். பிற்காலத்தில் ரசிகர்கள் கொண்டாடிய அதே அலட்சியம் அங்கே அச்சமூட்டுகிறது. இவற்றில் சில சிறுவர்களுக்கு ஏற்றவை அல்ல என்பதால், பெரியவர்கள் முன்னதாகப் பார்த்துவிடுவது நல்லது.

என் கணிப்பில் உண்மையான திருப்பம் 1977-இல் எஸ்.பி. முத்துராமன் இயக்கிய ‘புவனா ஒரு கேள்விக்குறி’தான். நல்லவராகவே அறியப்பட்டிருந்த சிவகுமார் வஞ்சகனாகவும், வில்லனாகப் பழகிய ரஜினி பண்புள்ளவராகவும் இடம் மாறி நடித்த அப்படத்தை, ‘16 வயதினிலே’ பார்த்த கையோடு பார்த்தால்தான் அந்த மாற்றத்தின் துணிச்சல் புரியும்.

1978-ஐ அவசரமாகக் கடக்க வேண்டாம். பாலசந்தர் தமிழில் ‘தப்புத் தாளங்கள்’ என்றும் கன்னடத்தில் ‘தப்பித தாள’ என்றும் எடுத்த படத்தின் இரு வடிவங்களையும் அடுத்தடுத்துப் போட்டு, ஒரே காட்சியில் உடல்மொழி எங்கே மாறுகிறது, எங்கே மாறவில்லை என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். தனி நாயகனாக நடித்த ‘பைரவி’யை விரைவாகப் பார்த்துவிட்டு, மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ படத்துக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். கையை இழந்த பின்னும் வீம்பு குறையாத காளி, தங்கையின் பாசத்துக்கு முன் இளகும் இறுதிக் காட்சியில் ரஜினியின் முகத்தை மட்டும் பார்த்தாலே போதும்.

இதற்குப் பிறகு 1980-இன் ‘பில்லா’, ‘முரட்டுக்காளை’, 1981-இன் ‘தில்லு முல்லு’ என்று செல்லலாம். இணையத்தில் கிடைக்கும் பழைய பிரதிகள் சில வெட்டப்பட்டவையாக இருக்கக்கூடும் என்பதால், ஓடும் நேரத்தை முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.