இலவச வக்கீல் கிட்ட போறதுக்கு முன்னாடியே நாம கோட்டை விடுற எடங்க

எங்க அத்தைக்கு ஆம்பூர் பக்கம் அரை ஏக்கர் நெலம். கெணத்துத் தண்ணி உப்பாயி, தென்னை எல்லாம் மட்டை காஞ்சு போச்சு. இலவச சட்ட உதவி கேளு அத்தைன்னா, "எனக்குத்தான் நெலம் கீதே, அதெல்லாம் ஒண்ணுமில்லாதவங்களுக்குப்பா"ன்னாங்க. மொத தப்பே இதுதாங்க. 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டப்படி பொம்பளைங்க, கொழந்தைங்க, எஸ்சி எஸ்டி மக்கள், மாற்றுத்திறனாளிங்க, ஃபேக்டரி தொழிலாளிங்க, வெள்ளம் மாதிரி பேரிடர்ல மாட்டினவங்க இவங்களுக்கெல்லாம் வருமான வரம்பே கெடையாது, மத்தவங்களுக்குத்தான் அந்தக் கணக்கு.

அதைவிடப் பெரிய தப்பு, பாக்கலாம் பாக்கலாம்னு நாளைத் தள்றது. பாலாறு கேஸ் நம்ம எல்லாருக்கும் தெரியும், தோல் ஷாப் (தோல் பதனிடுற ஃபேக்டரி) கழிவால கெட்டதுக்கு கெடுத்தவங்கதான் ஈடு கட்டணும்னு 1996 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு, 2025 ஜனவரியில அதே ஆத்துக்கு மறுபடி உத்தரவு போட வேண்டி வந்துச்சு. அவ்ளோ பெரிய தீர்ப்பு இருக்கே, பணம் தன்னால வீடு தேடி வரும்னு உக்காந்துடாதீங்க. சுற்றுச்சூழல் கேஸ் பாக்குற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துல நஷ்டஈடு கேக்கணும்னா 5 வருஷத்துக்குள்ள கேக்கணும், அதுவும் பாதிப்பு மொத மொத ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எண்ணுவாங்க, அதுக்கு மேல 60 நாள் தான் சலுகை, அதையும் தக்க காரணம் காட்டினாதான் தருவாங்க.

அடுத்து ஆதாரம். அத்தை ஒரு ஆபீஸுக்கு நாலஞ்சு வாட்டி போயி வாயாலயே சொல்லிட்டு வந்துருக்காங்க, கையில ஒரு துண்டு சீட்டு இல்ல, எனக்கு வயிறெரிஞ்சுது. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்தா ரசீது வாங்குங்க, தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட், சிட்டா, தேதியோட போட்டோ எல்லாம் ஒரே பையில வைங்க.

மக்கள் நீதிமன்றத்துல (லோக் அதாலத்) சமரசம்னா படிச்சுப் புரியாம கையெழுத்து போடாதீங்க ப்ளீஸ், அதுக்கு மேல அப்பீல் கெடையாது. இலவச வக்கீல் போட்டுத் தர்ற சட்டப்பணிகள் ஆணைக்குழு போட்ட வக்கீல் ஃபீஸ் கேட்டா குடுக்காம ஆணைக்குழுலயே எழுதிக் குடுங்க.

2030க்குள்ள எல்லாருக்கும் சுத்தமான தண்ணி, எல்லாருக்கும் நீதின்னு ஐ.நா. இலக்கு வச்சிருக்கு, எங்க அத்தைக்கு அது ரெண்டும் அந்த ஒரே கெணத்துலதான் கீது. கேஸ் போட்டாதான் ஆணைக்குழுவுக்குப் போகணும்னு இல்ல, சும்மா ஆலோசனை கேக்கவும் போலாம், வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்துல இருக்குற ஆணைக்குழு ஆபீஸ் தூரம்னா சட்ட உதவி நம்பர் 15100க்கு ஒரு போன் போடுங்க.