தொப்புள்கொடி ஸ்டெம் செல்லுக்குப் பணம் கட்டும் முன்

"டைப் 1 சுகருக்கு நிரந்தரத் தீர்வு, மூன்று தவணை, நாலரை லட்சம்" என்று தொப்புள்கொடி ஸ்டெம் செல் (வேறு வகை செல்லாக மாறக்கூடிய ஆரம்பநிலை செல்) சிகிச்சைக்கு ஒரு நோட்டீஸ். சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் கொடுத்தார்கள். மகளுக்கு 11 வயது, ஒரு நாளைக்கு நாலு ஊசி, அதனால் வளையலை அடகு வைக்கலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். உங்கள் கைக்கும் அது வந்தால் இப்படிச் செய்யுங்கள்.

முதலில், என்ன செல், எங்கே ஏற்றுவார்கள் என்று கேளுங்கள். 2025இல் வெளியான ஜிமிஸ்லெசெல் என்ற சிகிச்சையின் ஆய்வில் ஸ்டெம் செல்லை லேபிலேயே இன்சுலின் சுரக்கும் கணையத் திட்டு செல்லாக மாற்றி, கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் செலுத்தினார்கள். முழு டோஸ் வாங்கிய 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருடம் கழித்து இன்சுலின் தேவைப்படவில்லை. நோட்டீஸ்காரர் சொல்வதோ தொப்புள்கொடி செல்லைக் கையில் டிரிப்ஸாக ஏற்றுவது. பெயர்தான் ஒன்று, சரக்கு வேறு.

அப்புறம், எதிர்ப்புசக்தியை அடக்கும் மாத்திரை உண்டா என்று கேளுங்கள். டைப் 1இல் உடம்பே இன்சுலின் சுரக்கும் தன் பீட்டா செல்லை அழிக்கிறது, புதுசாக வைத்தாலும் விடாது. அந்த ஆய்வில் எல்லோரும் அந்த மாத்திரை எடுத்தவர்கள், சுகர் லோ ஆவதே தெரியாமல் மயங்கிவிழும் பெரியவர்கள், அதிலும் ஒருவர் மூளைக்காய்ச்சல் தொற்றில் இறந்தார். "சைடு எஃபெக்டே இல்லை மேடம்" என்று சொன்னால் கிளம்பிவிடுங்கள். என்னிடம் சீனப் பெண் கதையும் சொன்னார், 2024இல் செய்தி வந்ததே, சொந்த செல்லிலேயே ஊசி நின்றது என்று. உண்மைதான். அந்தப் பெண் ஏற்கெனவே கல்லீரல் மாற்றி அந்த மாத்திரையில் இருந்தவர் என்பதை மட்டும் நோட்டீஸ்காரர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

மூன்றாவது கேள்விதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்: சிடிஆர்ஐ எண் (மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் அரசுத் தளம் தரும் எண்) என்ன? மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆரின் 2017 விதிப்படி, ஸ்டெம் செல் சில ரத்த நோய்களுக்கு மட்டும்தான் சிகிச்சை, மற்றதெல்லாம் பதிவு செய்த ஆய்வு, ஆய்வுக்கு நோயாளியிடம் காசு வாங்கக்கூடாது. எண் தந்தால் அந்தத் தளத்தில் போட்டு, வயது, நோய், ஊர் எல்லாம் பொருந்துகிறதா என்று பாருங்கள். குழப்பமாக இருந்தால் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் ஓபி சீட்டு போட்டு சுகர் டாக்டரிடம் காட்டுங்கள்.

என்ன ஆனாலும் இன்சுலினை நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள், ஒன்றிரண்டு நாளிலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி ஐசியூ வரை போய்விடும்.

நான் எண் கேட்டதும் "அனுப்புறேன் மேடம்" என்றார். மூணு வாரமாகக் காலையில் ரோஜாப்பூ போட்ட குட் மார்னிங் படம்தான் வருகிறது.