புதிய மனைப்பிரிவுகளில் தீயணைப்பு நீர்: அமெரிக்காவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் புறநகர்களில் நிலத்தை வாங்கிச் சாலை அமைத்து, மனைகளாகப் பிரித்து விற்பவர்களில் பலர் தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் எடுக்கும் ஹைட்ரன்ட் என்றவுடன் தெருவோரம் நிற்கும் இரும்புக் கம்பத்தையே நினைக்கிறார்கள். வரைபடத்தில் உரிய இடைவெளியில் புள்ளி வைத்தாயிற்று என்று நிம்மதியடையும்போதே பிழைகள் தொடங்கிவிடுகின்றன. தீயணைப்பு அதிகாரியின் முதல் கேள்வி, அந்தக் கம்பத்தின் வழியே நிமிடத்துக்கு எத்தனை கேலன் தண்ணீர், எவ்வளவு நேரம் வரும் என்பதாகவே இருக்கும்.

பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேசத் தீ விதித்தொகுப்பின் பின்னிணைப்பு 'பி', 3,600 சதுர அடிக்கு மிகாத, ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் தானாக நீர் தெளிக்கும் அமைப்பு) இல்லாத ஒரு குடும்ப அல்லது இரு குடும்ப வீட்டுக்கு நிமிடத்துக்கு 1,000 கேலன் வீதம் ஒரு மணி நேரம் தண்ணீர் கேட்கிறது. இது மொத்தம் 60,000 கேலன், ஏறக்குறைய 2.27 லட்சம் லிட்டர். அவ்வளவு நீரை எடுக்கும்போதும் மெயினில், அதாவது தெருவடியில் செல்லும் முதன்மைக் குழாயில், 20 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தம் எஞ்சியிருக்க வேண்டும். ஆனால் பின்னிணைப்புகள் தாமாக நடைமுறைக்கு வருவதில்லை. உள்ளூர் நிர்வாகம் தனியே ஏற்றால்தான் அவை செல்லும். ஆகவே பக்கத்து ஊரில் முன்பு கட்டிய மனைப்பிரிவின் கணக்கை அப்படியே எடுத்துவந்து போடுவது ஆபத்தானது. அதேபோல, வீடுகளுக்குத் தண்ணீர் தர இயலும் என்று நீர் வழங்கல் துறை கொடுக்கும் கடிதத்தைத் தீயணைப்புக்கான உறுதியாகவும் கொள்ளலாகாது.

அடுத்த பிழை, குழாய் மூடியிருக்கும்போது அளந்த அழுத்தத்தை நம்புவது. அளவி 60 பி.எஸ்.ஐ. காட்டினாலும், தண்ணீர் ஓடத் தொடங்கியபின் எவ்வளவு மிஞ்சும் என்பதை அது சொல்லாது. ஒரு ஹைட்ரன்டைத் திறந்துவிட்டு, அருகிலுள்ள மற்றொன்றில் எஞ்சிய அழுத்தத்தை அளக்கும் ஓட்டச் சோதனைதான் அதைச் சொல்லும். அந்தச் சோதனையையும் ஊர் உறங்கும் நேரத்தில் செய்தால் கணக்கு இனிக்கும், களத்தில் கசக்கும். மேட்டு நிலத்தை மறப்பதும் வழக்கம், 2.31 அடி ஏற்றத்துக்கு 1 பி.எஸ்.ஐ. வீதம் அழுத்தம் குறையுமாதலால், மெயினைவிட 40 அடி உயரத்திலிருக்கும் மனைக்கு 17 பி.எஸ்.ஐ. தொடக்கத்திலேயே போய்விடுகிறது.

செலவைக் குறைக்கக் குழாயின் விட்டத்தில் கை வைப்பதே எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். குழாயில் உராய்வால் இழக்கும் அழுத்தத்தைக் கணக்கிடும் வழக்கமான ஹேசன்–வில்லியம்ஸ் சமன்பாட்டில், குழாய் உட்புறம் எவ்வளவு வழுவழுப்பானது என்பதைக் குறிக்கும் எண்ணை 130 எனக் கொண்டு பார்த்தால், நிமிடத்துக்கு 1,000 கேலன் ஓடும் 6 அங்குலக் குழாயில் 1,000 அடிக்கு ஏறத்தாழ 32 பி.எஸ்.ஐ. உராய்விலேயே கரைகிறது; 8 அங்குலக் குழாயில் அந்த இழப்பு 8 பி.எஸ்.ஐ. மட்டுமே. ஹைட்ரன்ட் பொருத்தும் மெயின் குறைந்தது 6 அங்குலம் இருக்க வேண்டும் என்ற விதியைப் படித்துவிட்டு, 6 அங்குலம் எங்கும் போதும் என்று முடிவுசெய்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. குழாயை முட்டுத்தெருவின் கோடியில் நிறுத்தாமல் வளையமாக இணைத்து, இரு பக்கமும் பாதிப் பாதி நீர் வருமாறு செய்தால், அதே 6 அங்குலக் குழாயில்கூட ஒவ்வொரு பக்கத்திலும் 1,000 அடிக்கான இழப்பு 9 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறங்கிவிடும்.

வளையத்துக்கு இன்னொரு நியாயமும் உண்டு. தீயை எண்ணிப் பெரிதாகப் போட்ட குழாயில், நூறு வீடுகளுக்குப் பத்து வீடுகளே குடிவந்திருக்கும் முதல் ஆண்டுகளில் தண்ணீர் நகராமல் தேங்கும். குளோரின் குறைந்து நீரின் தரம் கெடும். முட்டுக்குழாய் தவிர்க்க முடியாதது என்றால், அதன் கோடியில் கழுவிவிடும் வசதியும் அதற்கான கால அட்டவணையும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

ஹைட்ரன்டுகளின் இடைவெளியைப் பொறுத்தவரை, நிமிடத்துக்கு 1,750 கேலன் வரையிலான தேவைக்குப் பின்னிணைப்பு 'சி' சராசரியாக 500 அடி சொல்கிறது. முட்டுத்தெருவில் அது 100 அடி குறைகிறது. ஹைட்ரன்டிலிருந்து வீட்டுக்குள்ள தூரத்தை வரைபடத்தில் நேர்கோடாக அளப்பவர்கள், வேலிக்கும் ஓடைக்கும் மேலாகத் தண்ணீர்க் குழல் பறந்து செல்லாது என்பதை மறக்கிறார்கள். வீரர்கள் குழலை இழுத்துச் செல்லும் வழியே அளவு. பின்னிணைப்பு 'டி'யை ஏற்ற ஊர்களில், ஹைட்ரன்ட் உள்ள தீயணைப்புப் பாதை 26 அடி அகலம் இருக்க வேண்டும் என்பதையும் சாலை வரையும்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

ஹைட்ரன்ட் வாயின் மரை உள்ளூர்த் தீயணைப்புத் துறையின் குழலோடு பொருந்துகிறதா என்று கேட்காமல் அதை வாங்குவதும் நடக்கிறது. 1904 பிப்ரவரியில் பால்டிமோர் எரிந்தபோது வாஷிங்டன் முதலிய நகரங்களிலிருந்து உதவிக்கு விரைந்தவர்களின் குழல்கள் அந்நகர ஹைட்ரன்டுகளில் பொருந்தவில்லை. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. நூற்றாண்டு கடந்தும் மரை வேறுபாடு முழுதாக ஒழிந்தபாடில்லை.

குளிர்ப் பகுதிகளில் பயன்படும் ஹைட்ரன்டின் முதன்மை வால்வு உறைமட்டத்துக்குக் கீழே, அதாவது குளிரில் மண் உறையும் ஆழத்துக்கும் கீழே, மண்ணுக்குள் இருக்கும். மூடியபின் மேற்பகுதியில் நிற்கும் நீர் அடியிலுள்ள சிறு துளை வழியே வடிய வேண்டும். அடியில் சரளை இடாமல் களிமண்ணைத் தள்ளி மூடினால் நீர் வடியாமல் உறைந்து, தேவைப்படும் நாளில் ஹைட்ரன்ட் திறக்காது. பிறகு தோட்டக்காரர்கள் மண்ணை உயர்த்தி அதைப் பாதி புதைத்துவிடுவதும், சுற்றிலும் விட வேண்டிய 3 அடி வெளியில் செடி வைப்பதும் தனிக்கதை.

வேலைகளின் வரிசையில் நேரும் தவறே பணத்தை அதிகம் கேட்கிறது. எரியக்கூடிய கட்டுமானப் பொருள் களத்தில் வந்து இறங்கியவுடனேயே, தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ, அங்கீகரிக்கப்பட்ட தீயணைப்பு நீர் அங்கே இருந்தாக வேண்டும் என்பது விதி. அமெரிக்க வீடுகளில் பெரும்பாலானவை மரச்சட்டத்தில் எழுபவை; சுவர்ப்பலகை மூடாத நிலையில் அவை மிக வேகமாகப் பற்றிக்கொள்ளும். இருந்தும், குழாயின் அழுத்தச் சோதனையும் கிருமிநீக்கமும் முடியுமுன்பே மரத்தை வரவழைத்துவிட்டு, ஆய்வாளர் வேலையை நிறுத்திய பின்னர் வாடகைக்குத் தண்ணீர்த் தொட்டி தேடுகிறார்கள். மர விநியோகத் தேதியை மெயினுக்குத் தண்ணீர் விடும் தேதிக்குப் பின்னால் குறித்துக்கொண்டால் அந்த அலைச்சல் இராது.