மூன்று ‘ஷார்க்’ மீனும் முப்பதாயிரம் லிட்டர் குளமும்

வாங்கும்போது மூன்றும் என் சுண்டுவிரல் நீளம்தான். வெள்ளி நிறம், முதுகில் கறுப்புக் கோடு, நிமிர்ந்த துடுப்பு. கடைக்காரர் ‘ஷார்க்’ என்றார், பையன் துள்ளினான், மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் விட்டோம். நாலாவது மாதம் ஒரு சாண் தாண்டியது. ராத்திரி யாராவது லைட் போட்டால் மூன்றும் மிரண்டு ஓடி கண்ணாடியில் மூக்கை மோதும். காலையில் பார்த்தால் மூக்கு சிவந்திருக்கும்.

இது சுறாவே இல்லை. தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் பக்கத்து ஆறுகளில் வாழும் ஒருவகைக் கெளுத்தி. பங்காசியஸ் என்பார்கள். நம்மூர் கடைகளில் ‘பாசா’ என்று தோலுரித்துத் துண்டாக விற்பதும் பெரும்பாலும் இதுதான். நன்றாகத் தீனி போட்டால் ஒரு வருடத்துக்குள் ஒரு கிலோ தாண்டும். முழு வளர்ச்சியில் 130 சென்டிமீட்டர், 40 கிலோவுக்கு மேல்கூடப் பதிவாகியிருக்கிறது. தொட்டி சிறிதாக இருந்தால் மீனும் சிறிதாகவே நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நோஞ்சானாகிச் சாகும், அவ்வளவுதான்.

வளர்ந்த மீனைக் கொண்டுபோய்ப் பழையாற்றிலோ குழித்துறை ஆற்றிலோ பக்கத்துக் குளத்திலோ விடுவதும் கூடாது. வெளிநாட்டு மீன் உள்ளூர் மீனை என்ன செய்யும் என்பதற்கு ஆப்பிரிக்கக் கெளுத்தி ஒன்றே போதும், அதை இந்தியாவில் தடைசெய்தே விட்டார்கள். ஆக, வாங்கிய பாவத்துக்கு வீட்டிலேயே குளம் கட்டுவது ஒன்றுதான் வழி. நான் கட்டியதை, சொதப்பியதையும் சேர்த்து, எழுதுகிறேன்.

இடமும் மாதமும்

தை பாதியிலிருந்து மாசி கடைசிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் ஒன்று. நடுவில் கோடை மழையும் எட்டிப் பார்க்கும். தோண்டிய குழியில் மழை விழுந்தால் பக்கச்சுவர் சரிந்து இருமடங்கு வேலை.

தென்னையடியில் வேண்டாம். தேங்காய் ஒன்று விழுந்தால் போதும், குளத்துக்குள் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட் கிழியும். ரப்பர் மரத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம், இலையுதிர் காலத்தில் குளம் முழுக்கச் சருகுதான். காலை வெயில் விழுந்து மதியத்துக்கு மேல் நிழல் தட்டும் இடம் நல்லது. விளையின், அதாவது தோட்டத்தின், மிகப் பள்ளமான மூலையை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். “அங்கேதானே தண்ணி தானா நிக்கும்” என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 2021 நவம்பர் மழையில் மாவட்டத்தில் எத்தனை இடம் தண்ணீரில் நின்றது என்று நினைத்துப் பாருங்கள். அப்படி ஒரு நாளில் குளமும் ஓடையும் ஒன்றானால் மீன் உங்களுடையதல்ல, ஆற்றினுடையது.

அளவு

உள் அளவு 20 அடி நீளம், 12 அடி அகலம், 5 அடி ஆழம். தண்ணீர் நிற்பது நாலரை அடி. 20 × 12 × 4.5 என்றால் 1,080 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்று பெருக்கினால் ஏறத்தாழ 30,500 லிட்டர். மூன்று, மிஞ்சினால் நான்கு மீனுக்கு இது. கூட்டமாக வாழும் மீன் என்பதால் ஒற்றையாக விட்டால் இன்னும் மிரளும். அதற்காகப் பத்து விடாதீர்கள்.

ஐந்தடியையும் தோண்ட வேண்டாம். இரண்டரை அடி தரைக்குக் கீழே, இரண்டரை அடி தரைக்கு மேலே சுவர். 600 கன அடி, அதாவது ஆறு யூனிட் மண் வரும். அதை வண்டி வைத்து அனுப்பாமல் சுவருக்கு வெளியே அணைத்துப் போட்டால் சுவருக்கும் பலம். சுவர் உயர்ந்திருப்பதால் ஓடிவரும் மழைத் தண்ணீர் உள்ளே நுழையாது, சின்னப் பிள்ளைகள் தவறி விழுவதும் குறையும். குறையும் என்றுதான் சொல்கிறேன். சுற்றிலும் வேலியும் பூட்டுப் போட்ட கதவும் கட்டாயம். நாலரை அடி ஆழம் விளையாட்டில்லை.

தோண்டுவதும் சுவரும்

மார்த்தாண்டம், தக்கலை, இரணியல் பக்கத்துச் செம்மண்ணும் சரலும் என்றால் மம்பட்டியும் கடப்பாரையும் போதும், வெட்டிய பக்கம் நேராக நிற்கும். கடலோர மணல் நிற்காது. அடியிலிருந்தே சுவர் எழுப்ப வேண்டும். வயலை ஒட்டிய நாஞ்சில் நாட்டுக் களிமண்ணில் தண்ணீர் மட்டம் மேலேயே இருக்கும். அங்கே ஓரடிக்கு மேல் இறங்காமல் மீதியைச் சுவராக எழுப்புங்கள்.

அடித்தளத்தை ஒரு மூலை நோக்கி அரையடி சரிவாக விடுங்கள். அழுக்கு அங்கே சேரும். சுவரைக் கொத்தனாரிடம் விட்டுவிடுவதே உத்தமம். உள்ளே நிற்கப் போவது முப்பது டன் எடை. மேல் விளிம்பில் இரண்டு 8 மில்லிமீட்டர் கம்பி ஓட்டிய கான்கிரீட் பட்டை சுற்றிலும் போடச் சொல்லுங்கள். விளிம்பு ஒரே மட்டமாக இருக்கிறதா என்று மட்டக்குழாயில் தண்ணீர் ஊற்றி நான்கு மூலையிலும் பாருங்கள். ஒரு பக்கம் இரண்டு அங்குலம் தாழ்ந்தால் ஆயுசுக்கும் அந்தப் பக்கம்தான் வழியும்.

உள்மூலைகளைச் சாந்து வைத்து வளைவாக மொழுகச் சொல்லுங்கள். இந்த மீன் மிரண்டால் கண்மண் தெரியாமல் ஓடும், கூர்மூலையில் மோதினால் காயம்தான். அழகுக்கென்று உள்ளே பாறாங்கல் எதுவும் போடாதீர்கள்.

கீழிருந்து வரும் தண்ணீர்

முதல் தடவை நான் விட்டது இதைத்தான். கட்டும்போதே கொத்தனார் அண்ணாச்சி சொன்னார்: “மக்கா, வெள்ளம் மேல இருந்து மட்டுமா வரும்? கீழ இருந்தும் வரும் பாத்துக்கோ.” ஷீட்தான் போடுகிறோமே என்று நான் காதில் வாங்கவில்லை.

அந்த ஐப்பசியில் அடியில் சேர்ந்த கசடை வாரலாம் என்று பாதிக்கு மேல் தண்ணீரை இறைத்தேன். மறுநாள் காலை பார்த்தால் குளத்தின் நடுவில் ஷீட் பூரி மாதிரி உப்பி நிற்கிறது. மேலே ஏறி மிதித்தால் ‘கொழக் கொழக்’ என்று ஆடுகிறது. வெளியே ஊறிய மழைத் தண்ணீர் ஷீட்டுக்கு அடியில் வந்து அதைத் தூக்கிவிட்டது. உள்ளே தண்ணீர் நிறைய நிற்கும்வரை அதன் எடை ஷீட்டை அழுத்திப் பிடித்திருக்கும். இறைத்தவன் நான்தான்.

அதனால் ஷீட் விரிப்பதற்கு முன்பே அடியில் ஓரடி அகலம், ஓரடி ஆழத்துக்கு ஒரு சால் வெட்டுங்கள். துளையிட்ட நாலு அங்குல பிவிசி குழாயைப் பழைய துணிவலையால் சுற்றி அதில் வைத்து, முக்கால் அங்குல ஜல்லியால் மூடுங்கள். விளை சரிவாக இருந்தால் குழாயின் மறுமுனையைத் தாழ்வான பக்கம் வெளியே விட்டுவிடலாம், தண்ணீர் தானாக ஓடிவிடும். சமதளம் என்றால் சுவருக்கு வெளியே ஆறு அங்குலக் குழாயை நட்டமாக நிறுத்தி அதில் இணையுங்கள். அந்தக் குழாய்க்குள் குச்சி விட்டுப் பார்த்தால் மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியும். ஏறியிருந்தால் சின்ன மோட்டாரை இறக்கி இறைக்கலாம். அது எப்படியிருந்தாலும், மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்யாதீர்கள்.

ஷீட் விரிப்பது

பண்ணைக் குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் எச்டிபிஇ ஷீட் போதும். அளவுக்குக் கணக்கு எளிது: நீளத்தோடு இரண்டு மடங்கு ஆழம், அதோடு இரு பக்கமும் மடிக்க இரண்டிரண்டு அடி. 20 + 10 + 4 = 34. அகலம் 12 + 10 + 4 = 26. ஆக 34 × 26 அடி, ஒட்டில்லாத ஒரே துண்டாகக் கேளுங்கள்.

ஷீட்டுக்கு அடியில் மெத்தை வேண்டும். சின்னச் சரல் ஒன்று போதும் ஓட்டை போட. நான் போட்டது பழைய பிளெக்ஸ் பேனர். எங்கள் குளத்தின் அடியில் இரண்டு கல்யாண வாழ்த்தும் ஒரு பூப்புனித நீராட்டு விழாவும் படுத்திருக்கின்றன.

வெயில் ஏறி ஷீட் இளகிய பிறகு, காற்றில்லாத நாளில், நாலு பேர் பிடித்து விரியுங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். காற்றடிக்கும் மாதத்தில் விரித்தால் ஷீட்டைத் தேடிப் போக வேண்டியிருக்கும். இழுத்துப் பிடிக்காமல் தளர்வாக விட்டு, தண்ணீர் ஏற ஏற மடிப்பைக் கையால் நீவிவிடுங்கள். நிறைந்த பிறகுதான் விளிம்பில் கடப்பாக்கல் வைத்துச் சாந்து போட வேண்டும். முதலிலேயே போட்டுவிட்டால் தண்ணீர் எடையில் ஷீட் இழுபட்டுக் கிழியும்.

ஷீட் வேண்டாம், முழுச் சிமெண்ட் தொட்டிதான் என்றால், புதுச் சிமெண்டின் காரம் போக வாழைத்தண்டைத் துண்டு போட்டுத் தண்ணீரில் ஊறவிட்டு மாற்றி மாற்றி இறைக்க வேண்டும். பிஎச் (தண்ணீரின் புளிப்பு, கார அளவு) எட்டரைக்குக் கீழே வந்து நிற்கும்வரை மீன் விடக்கூடாது.

விளிம்புக்கு அரையடி கீழே இரண்டு நாலு அங்குல வழிகுழாய், வாயில் வலை. ஒன்றைச் சருகு அடைத்தாலும் மற்றது வேலை செய்யும். கூரைத் தண்ணீரைக் குளத்துக்குள் விடாதீர்கள். வழியும் தண்ணீர் ஓடைக்குப் போகாமல் தென்னந்தடத்துக்குப் போகட்டும்.

வடிகட்டி

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மொத்தத் தண்ணீரும் சுற்றி வர வேண்டும். அதாவது மணிக்கு 10,000 லிட்டர் தள்ளும் நீர்மூழ்கி மோட்டார். பலரும் 200 லிட்டர் நீல டிரம் ஒன்றை வைத்துவிட்டு “ஃபில்டர் இருக்கு” என்கிறார்கள். 10,000 லிட்டர் ஓட்டத்தில் அந்த டிரம்மில் தண்ணீர் ஒன்றேகால் நிமிடம்கூட நிற்காது, கசடு எங்கே படியும்? முதலில் 500 லிட்டர் தொட்டி, கசடு படிய. அடியில் இரண்டு அங்குல வால்வு. அடுத்தது 1,000 லிட்டர் தொட்டி, பாக்டீரியா வாழ.

இரண்டாவது தொட்டிக்குள் என்ன போடுவது? குளச்சல், முட்டம் பக்கம் கேட்டால் கழித்துப் போட்ட நைலான் வலை கிடைக்கும். உப்பும் நாற்றமும் போக நாலைந்து தடவை அலசி, உருண்டையாகச் சுருட்டி அடையுங்கள். இடையில் உடைந்த ஓட்டுத் துண்டு. மேலே ஒரு சாக்கில் சிப்பி ஓடு. செம்மண் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் புளிப்புப் பக்கம் சாயும். பிஎச் ஆறரைக்குக் கீழே போனால் பாக்டீரியா சோம்பும். சிப்பி மெல்லக் கரைந்து அதைத் தூக்கி நிறுத்தும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக இரண்டு நாள் திறந்து கிடக்கட்டும்.

மோட்டாரை ஓடவிட்டு, மீன் இல்லாமலேயே தினம் ஒரு கைப்பிடி தீனி போட்டு வாருங்கள். தீனி அழுகி அம்மோனியா வரும், ஒரு பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொன்று அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம். நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அக்வேரியம் கடையில் கிடைக்கும் சோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு மீன். பழைய தொட்டியின் ஸ்பாஞ்சைக் கொண்டுவந்து போட்டால் சீக்கிரம் ஆகும்.

கரண்ட் போனால்? இந்த மீன் மேலே வந்து காற்றையும் விழுங்கும், உடனே செத்துவிடாது. ஆனால் ஓட்டம் நின்ற வடிகட்டியில் பாக்டீரியா செத்து, மறுபடி ஓடும்போது நாற்றத் தண்ணீர் குளத்துக்குள் வரும். 2017 ஒக்கிப் புயலில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இன்வெர்ட்டரில் ஒரு சின்னக் காற்று மோட்டாராவது ஓடட்டும். நீண்ட நேரம் நின்றுபோனால் வடிகட்டித் தண்ணீரை வாழைக்குத் திறந்துவிட்டுப் பிறகு ஓட்டுங்கள்.

மீனை மாற்றும் நாள்

வலையில் அள்ளாதீர்கள். பக்கத் துடுப்பின் முள் வலையில் மாட்டினால் முள்ளும் போகும், உங்கள் கையும் கிழியும். ஈரத் தார்ப்பாயைத் தொட்டில் மாதிரி பிடித்து, சாயங்காலம் விளக்கணைத்த பிறகு தூக்குங்கள். பெரிய டப்பில் விட்டு ஈரச்சாக்கால் மூடி, குளத்துத் தண்ணீரைக் கப்புக் கப்பாக அரைமணி நேரம் ஊற்றிச் சேர்த்து, பிறகு டப்பையே குளத்தில் சாய்த்துவிடுங்கள். எங்கள் மூன்றில் ஒன்று டப்பிலேயே மயங்கி மல்லாந்தது. பையன் அழ ஆரம்பித்துவிட்டான். பயந்தால் இது அப்படித்தான் கிடக்கும். கையில் தாங்கி மெல்ல முன்னும் பின்னும் ஓட்டியதும் உதறிக்கொண்டு போனது.

விடுவதற்கு முன்பே குளத்தின் மேல் ஒரு அங்குலக் கண்ணி வலை இருக்க வேண்டும். முதல் வாரம் துள்ளும். கொக்கையும் மீன்கொத்தியையும் அதே வலை பார்த்துக்கொள்ளும். மூன்று நாள் தீனி வேண்டாம். பிறகு மிதக்கும் தீனி, ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. மிஞ்சிய சோறு, கோழிக்கழிவு கிட்டவே கொண்டுவராதீர்கள்.

வாரம் ஒருமுறை 500 லிட்டர் தொட்டியின் வால்வைத் திறந்து, ஓட்டத்தோடு மொத்தம் 3,000 லிட்டர் மாற்றுகிறேன். அது போகும் வழியில் நிற்கும் செவ்வாழைக் குலை போன தடவை என் தோளுக்குக் கனமாக இருந்தது. மற்றபடி ஐப்பசி பிறந்தால் ஒரே வேலைதான் கூடுதல்: காலையில் பல் தேய்த்துக்கொண்டே போய் வெளிக்குழாயில் குச்சியை விட்டுப் பார்ப்பது. குச்சியில் சிவப்பு பெயிண்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன், குளத்தின் அடிமட்டம் அது. ஈரம் அந்தக் கோட்டைத் தொட்டால் மோட்டாரை இறக்குகிறேன்.