மிட்வைப் "டொக்டரிட்ட காட்டுங்க" எண்டு சொன்னா மறுகா என்ன செய்யணும்

நிறை பாக்கப் போன இடத்தில மிட்வைப் மிஸ் "புள்ளைக்கு ஒண்டரை வயசாகுது, ஒரு சொல்லும் வரல்லயே, ஒருக்கா காட்டுங்க" எண்டு சொன்னா நெஞ்சு பதறும்தான். ஆனா அது வருத்தம் எண்ட முடிவில்ல, இன்னும் வடிவாப் பாக்கணும் எண்டு மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் "அவன்ட அப்பாவும் லேட்டாத்தான் கதைச்சவர், பொறுத்துப் பாப்பம்" எண்டு சொல்லுவாங்க. அப்பிடிப் பொறுக்கிறதுலதான் ஆறு மாசம், ஒரு வருசம் போயிடுது, சின்ன வயசில மூளை கெதியாப் பழகுற காலம் அது, அத விட்டுடாதீங்க.

முதல்ல கிளினிக் கார்ட எடுத்து வளர்ச்சி பத்திப் போட்டிருக்கிற பக்கத்த நீங்களே நிரப்புங்க. எப்ப தனிய இருந்தது, எப்ப நடந்தது, பேர் சொன்னாத் திரும்புதா, வேணுமெண்டதை விரலால காட்டுதா. மாசம் குறைஞ்சு பிறந்த புள்ளையெண்டா அதையும் கட்டாயம் சொல்லுங்க, ரெண்டு வயசு வரைக்கும் அந்தக் குறைஞ்ச கிழமைகளைக் கழிச்சுத்தான் வயசு பாப்பாங்க. போன்ல ரெண்டு மூணு சின்ன வீடியோவும் எடுத்து வைங்க, விளையாடக்குள்ள, சாப்பிடக்குள்ள, கூப்பிடக்குள்ள. டொக்டரிட்ட போனா புள்ள அழுது ஒண்டும் காட்டாது, வீடியோதான் கதைக்கும்.

பிறகு எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸ்ல டொக்டரக் கண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் காட்டச் சொல்லி எழுதித் தாற துண்டு எடுங்க. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கல்முனைக்கோ, கிட்ட எது எண்டு கேளுங்க, அரசாங்க ஆஸ்பத்திரில காசில்ல. படுவான்கரைல இருந்து வாறாக்கள் கிளினிக் எந்த நாள், எத்தனை மணிக்கு நம்பர் குடுக்கிறாங்க எண்டு முன்னமே விசாரிச்சிட்டு வாங்க, இல்லாட்டி பஸ் ஏறி வந்து சும்மா திரும்ப வேண்டி வரும்.

காது டெஸ்ட் செய்யாம "கதைக்கல்ல" எண்ட கேள்விக்கு மறுமொழி எடுக்க ஏலாது. "கதவு சத்தம் கேட்டாத் திரும்புறானே, காது நல்லம்தானே" எண்டு நினைப்பம். பெரிய சத்தம் கேக்கும், ஆனா கதைக்கிற எழுத்துச் சத்தங்கள் வடிவாக் கேக்காத புள்ளைகள் இருக்கு, அடிக்கடி தடிமன் பிடிச்சு காதுக்குள்ள தண்ணி தேங்கியும் காது கேக்கிறது குறையும், அது வைத்தியத்தால மாறும். சொல்லிக் காட்டத் தெரியாத சின்னனுக்கு நித்திரைல வச்சே எடுக்கிற டெஸ்டும் இருக்கு, கேட்டு எடுங்க.

ஆட்டிசம் (மத்தாக்களோட பழகுறது, கதைக்கிறது வித்தியாசமா இருக்கிற வளர்ச்சி நிலை) சந்தேகமெண்டா 16 மாசத்துல இருந்து 30 மாசம் வரைக்கும் எம்-சாட் எண்டு 20 கேள்வி கேப்பாங்க. புள்ளி 3க்கும் 7க்கும் இடைல வந்தா அந்தக் கேள்விகளையே இன்னும் விளக்கமாக் கேட்டுப் பாக்கணும், 8ம் அதுக்கு மேலயும் எண்டா நேர முழுப் பரிசோதனைக்கு அனுப்பணும். பேர் நல்லா இருக்கட்டும் எண்டு பொய்யா ஆமா போடாதீங்க, நட்டம் புள்ளைக்குத்தான்.

ஸ்பீச் தெரபிக்கு (பேச்சுப் பயிற்சிக்கு) திகதி பிந்திக் கிடைச்சா அது வரைக்கும் சும்மா இருக்க வேணாம். ரெண்டு வயசுக்குக் கீழ போனே குடுக்காதீங்க, அதுக்கு மேலயும் நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் கூட வேணாம். குளிக்க வாக்கக்குள்ள, சோறு தீத்தக்குள்ள முகத்துக்கு நேர இருந்து சின்னச் சின்னச் சொல்லாக் கதைங்க, "தண்ணி", "இன்னும் தா", சொல்லிட்டு கொஞ்சம் நிப்பாட்டி அதுக்கு நேரம் குடுங்க. அம்மம்மாக்கும் இதைப் பழக்குங்க, பகல்ல கூட இருக்கிறது அவதானே.

ஒண்டு மட்டும் ஒரு நாளும் பொறுக்கக் கூடாது. வந்த சொல்லு நிண்டுபோனா, நடந்த புள்ள நடக்காம விட்டா, திகதி பாத்துக் கொண்டிருக்காம உடன கொண்டு போங்க.

கிளினிக் திகதி தவறிட்டா ஏசுவாங்க எண்டு பயந்து வீட்ட இருக்காதீங்க, அடுத்த கிளினிக் நாளே கார்டையும் ரிப்போர்ட்டையும் கொண்டு போய் புதுத் திகதி போட்டுத் தரச் சொல்லுங்க.