மடியில் ஏறியதெல்லாம் மீனா? மைக்ரோஆர்என்ஏ தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரைவலையை இழுத்து முடித்ததும் அதன் பை போன்ற மடியைப் பிரித்து மணலில் கொட்டுவார்கள். மீனோடு பாசியும் சிப்பி ஓடும் சேர்ந்துதான் விழும். தரம் பிரித்த பிறகே கூடை ஏலத்துக்குப் போகும். நம் கடல் உயிரினங்களில் மைக்ரோஆர்என்ஏ மரபணுக்களைத் தேடும் மாணவர்கள் பலர் இந்தத் தரம் பிரிப்பைத்தான் விட்டுவிடுகிறார்கள். மென்பொருள் கொடுத்த பட்டியல் அப்படியே மரபணுத்தொகுதியின் குறிப்பேட்டில் ஏறிவிடுகிறது.

மைக்ரோஆர்என்ஏ என்பது சுமார் 22 எழுத்து (நியூக்ளியோடைடு) நீளமே உள்ள சிறு ஆர்என்ஏ. கொண்டை ஊசி போல மடிந்த நீளமான ஆர்என்ஏயிலிருந்து அது வெட்டி எடுக்கப்படுகிறது. புரதம் செய்யாது, மற்ற மரபணுக்களின் செய்தியைப் பிடித்து அடக்கி வைக்கும். 1993-இல் ஒரு சிறு புழுவில் இதைக் காட்டிய விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் 2024-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

கொண்டை ஊசி போல மடிகிற வரிசை கிடைத்ததும் மரபணு கிடைத்துவிட்டதாக நினைப்பதுதான் பெரிய தவறு. அப்படி மடியக்கூடிய இடங்கள் ஒரு மரபணுத்தொகுதியில் லட்சக்கணக்கில் உண்டு. மனிதனுக்கென மிர்பேஸ் என்ற மைக்ரோஆர்என்ஏ தரவுத்தளத்தில் இருந்த 1,881 பதிவுகளை பாஸ்டியன் ஃப்ரோம் குழுவினர் 2015-இல் அலசியபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றுக்கே உறுதியான சான்று இருந்தது. மனிதனுக்கே இந்தக் கதி என்றால், நம் நண்டுக்கும் கடல் அட்டைக்கும் எவ்வளவு கவனம் வேண்டும்!

சரி, எப்படிப் பிரிப்பது? மாதிரியிலுள்ள சிறு ஆர்என்ஏக்களின் எழுத்துகளைப் படிக்கும் வரிசைப்படுத்தலில் வந்த துண்டுகளை அந்தக் கொண்டை ஊசியின் மேல் அடுக்கி, கண்ணால் பாருங்கள். உண்மையான மைக்ரோஆர்என்ஏ என்றால் துண்டுகள் பெரும்பாலும் ஒரே எழுத்தில் தொடங்கும், வரிசையாகக் கட்டி வைத்த படகுகளின் அணியம் போல. ஊசியின் எதிர்க்கையிலிருந்தும் கொஞ்சம் துண்டுகள் வரும். இரண்டையும் இணை சேர்த்தால் முனையில் இரண்டு எழுத்து துருத்தி நிற்கும். ட்ரோஷா, டைசர் என்ற நொதிகள் வெட்டிய தடம் அது. துண்டுகள் படிக்கட்டு போல இடம் மாறி மாறித் தொடங்கினால் சந்தேகப்படுங்கள். வேறு ஏதோ ஆர்என்ஏ சிதைந்த குப்பையாக இருக்கலாம். மனிதனில் மிர்-720 என்று பெயர் பெற்றது உண்மையில் புரதம் கட்ட அமினோ அமிலம் சுமக்கும் டிஆர்என்ஏயின் துண்டு என்று தெரிந்து பின்னர் நீக்கப்பட்டது. எந்த மரபணுவை அடக்குவது என்று இலக்கைத் தேர்வதில் மைக்ரோஆர்என்ஏயின் 2 முதல் 8 வரையுள்ள எழுத்துகளுக்கே முக்கியப் பங்கு. அதனால் தொடக்கம் ஓர் எழுத்து தவறினாலும் அடுத்த கணக்கெல்லாம் தவறிவிடும்.

மாதிரி எடுப்பதிலும் கோட்டை விடுகிறோம். ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் வாங்கிய நீலக்கால் நண்டை வயிற்றோடு சேர்த்து அரைத்தால், அது தின்ற சிப்பியும் புழுவும் உங்கள் தரவுக்குள் வந்துவிடும். காலின் சதையைத் தனியாக எடுங்கள். அப்புறம், கடற்புல் பூக்கும் தாவரம். தாவர மைக்ரோஆர்என்ஏ உருவாகும் விதமே வேறு. விலங்குக்கான அளவுகோலை அதில் வைக்காதீர்கள்.

கடைசியாக, 'கிடைக்கவில்லை' என்பதை 'இல்லை' என்று எழுதுவது. லெட்-7 என்ற மைக்ரோஆர்என்ஏ புழு முதல் மனிதன் வரை உண்டு. உங்கள் நண்டில் அது தென்படாவிட்டால், முதலில் துண்டுகளை இணைத்து உருவாக்கிய மரபணுத்தொகுதியின் கோர்வையில் அந்த இடம் விட்டுப்போயிருக்கிறதா என்று மூலத் துண்டுகளில் தேடுங்கள். பிறகு எந்தப் பருவத்தில் மாதிரி எடுத்தீர்கள் என்று பாருங்கள். புழுவில் லெட்-7 வளர்ச்சியின் பிற்பகுதியில்தான் பெருகுகிறது. இளம் குஞ்சு நண்டை மட்டும் சோதித்துவிட்டு அது இல்லை என்று எழுத முடியாது.